மீனுக்கு ஒரு மாதம் முன்பே செடி: கொழும்பில் முதல் மீன்தொட்டி

வெள்ளவத்தையில் மூன்றாம் மாடியில் குடியிருக்கிறீர்கள். இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டியில் உயிருள்ள செடிகளையும் சில மீன்களையும் வளர்க்க ஆசை. கடையில் விசாரித்தபோது காபனீரொட்சைட்டு உருளை, ஹீட்டர், விலையுயர்ந்த விளக்கு, இறக்குமதி மண் என்று நீண்ட பட்டியலைக் கையில் தந்திருக்கிறார்கள். தண்ணீர் நிரப்பிய அன்றே நான்கு தங்கமீன்களை விடலாம் என்றும் சொல்லியிருக்கிறார்கள். இவற்றில் எது உண்மையில் தேவை, எதிலிருந்து தொடங்குவது என்பது உங்கள் கேள்வி.

உருளை தேவையில்லை. ஹீட்டர் கொழும்பில் எந்த மாதத்திலும் தேவையில்லை. இறக்குமதி மண் இல்லாமலும் செடி நன்றாக வளரும். தங்கமீன் இந்தத் தொட்டிக்கு ஒத்துவராது: அது செடியைக் கடித்துப் பிடுங்கும், கழிவு அதிகம், வளர்ந்தால் அரை அடியைத் தாண்டும். அது குளிர்ந்த நீரை விரும்பும் மீனும்கூட. நீங்கள் உண்மையில் செலவழிக்க வேண்டியது நாட்களைத்தான். முதல் நான்கு முதல் ஆறு வாரங்களுக்குச் செடிகளை மட்டும் வளருங்கள்; மீன் அதற்குப் பிறகு வரட்டும். இந்த ஒன்றைக் கடைப்பிடித்தால் மற்றவை தாமாகவே சீராகும் என்பதால், காரணத்தை முதலில் விளக்கிவிடுகிறேன்.

மீனின் செவுள்வழியாகவும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட உணவு அழுகுவதிலிருந்தும் அமோனியா வெளியாகிறது. அது மீனுக்கு நஞ்சு. இயற்கையில் ஒருவகைப் பற்றீரியா அமோனியாவை நைத்திரைற்றாகவும், இன்னொருவகை அதை நைத்திரேற்றாகவும் மாற்றுகின்றன. நைத்திரைற்றும் நஞ்சுதான், நைத்திரேற்று பெரிதாகத் தீங்கு செய்யாது, செடிக்கு உணவும் ஆகும். புதுத் தொட்டியில் இந்தப் பற்றீரியாக்கள் இல்லை. அவை வடிகட்டியின் பஞ்சிலும் மணலிலும் பெருகச் சில வாரங்கள் பிடிக்கும். முதல் நாளே மீனை விட்டவர்களின் மீன்கள் ஒரு வாரத்தில் மேற்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூச்சுக்குத் தவிப்பதும், இரண்டாம் வாரத்தில் ஒவ்வொன்றாகச் சாவதும் இதனால்தான். "தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை" என்று கடையில் சொல்வார்கள், தண்ணீரில் குறையில்லை. செடிகள் அமோனியாவை நேரடியாகவே உறிஞ்சிக்கொள்ளும். அதனால் வேரூன்றி வளரத் தொடங்கிவிட்ட செடிகளுக்கு நடுவே வரும் மீனுக்கு ஆபத்து பலமடங்கு குறைவு.

உங்கள் தண்ணீரைப் பற்றி. கொழும்புக்குக் குழாய்வழியே வரும் நீரின் பெரும்பகுதி அம்பத்தலேயில் களனி கங்கையிலிருந்து எடுக்கப்பட்டுச் சுத்திகரிக்கப்படுவது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களிலிருந்தும் ஒரு பங்கு வருகிறது. மூன்றும் மழைவளம் மிகுந்த ஈரவலயத்தின் நீர். அதனால் கல்சியம் குறைந்த மென்னீராகவே கிடைக்கிறது. யாழ்ப்பாணத்தில் உறவினர் யாராவது மீன் வளர்த்தால் அவர்கள் சொல்லும் முறை உங்களுக்கு அப்படியே பொருந்தாது. அங்கே சுண்ணாம்புக்கல்லுக்குள்ளிருந்து வரும் கிணற்றுநீர். கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது அந்தக் கல்சியம்தான். கப்பி, மொல்லி போன்ற மீன்கள் அந்த வன்னீரில் செழிக்கும். மென்னீர் உங்களுக்கு வேறு இரண்டு நன்மைகளைத் தருகிறது. நம் நாட்டு ஓடைச் செடிகள் பிறந்ததே அப்படிப்பட்ட நீரில். மற்றது, நீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் பி.எச். அளவு ஏற ஏற அமோனியாவின் நஞ்சும் கடுமையாகும், பி.எச். 7 இலிருந்து 8 ஆனால் நச்சு வடிவத்தின் பங்கு ஏறத்தாழ பத்து மடங்காகிறது. மென்னீர்த் தொட்டியில் பி.எச். பொதுவாக 7ஐ ஒட்டியே நிற்கும்.

குளோரீனை மட்டும் கவனியுங்கள். குழாய்நீரை வாளியில் பிடித்து ஒரு நாள் வைத்தால் குளோரீன் பெரும்பாலும் வெளியேறிவிடும். காற்றுப்பம்பியின் காற்றைச் சிறு குமிழ்களாக விடும் காற்றுக்கல் போட்டால் இன்னும் விரைவாக. அவசரத்துக்குக் கடைகளில் விற்கும் சோடியம் தயோசல்பேற்றுப் பளிங்கு சில போதும், விலையும் சொற்பம். ஆனால் வாளியைத் திறந்து வைக்காதீர்கள். டெங்கு நுளம்பு முட்டையிடுவதற்குத் தேடுவது வீட்டுக்குள் தேங்கிநிற்கும் இப்படிப்பட்ட தெளிந்த நீரைத்தான். மெல்லிய நுளம்புவலைத் துணியை வாளியின் வாயில் இறுகக் கட்டுங்கள். வாயு வெளியேறும், நுளம்பு உள்ளே போகாது.

இனிச் செடிகள். உலகம் முழுவதும் மீன்தொட்டி வளர்ப்போர் முதலில் வாங்கும் செடிகளுள் ஒன்று கிரிப்டோகொரைன். அதில் வென்டீ, பெக்கட்டீ, வாக்கரீ, பார்வா ஆகிய இனங்கள் இலங்கைக்கே உரியவை. ஈரவலயக் காடுகளின் நிழலில், மெல்ல ஓடும் ஓடைகளின் கரையிலும் நீருக்கடியிலும் வளர்பவை. நிழலில் வளர்ந்த செடிக்குக் கடும் வெளிச்சம் வேண்டாம். மெதுவாக வளர்வதால் உருளையிலிருந்து காபனீரொட்சைட்டும் வேண்டாம். ஜேர்மனியிலோ ஜப்பானிலோ இருப்பவர் ஹீட்டர் போட்டு, நீரை மென்மையாக்கி இதற்கு உருவாக்கிக் கொடுக்கும் சூழல் உங்கள் வரவேற்பறையில் ஏற்கெனவே இருக்கிறது. ஆகவே முதல் தொட்டியின் முதுகெலும்பாக வென்டீயையே வைத்துக்கொள்ளுங்கள். பச்சையிலும் கபிலத்திலும் கிடைக்கிறது. இரண்டையும் கலந்து ஐந்தாறு கொத்து. முன்வரிசைக்குப் பார்வா, இரண்டு மூன்று அங்குலத்துக்கு மேல் உயராது, ஆனால் மிக மெதுவாகவே பரவும். பேராதனைத் தாவரவியல் பூங்காவின் பணிப்பாளராக இருந்த துவைட்ஸின் பெயரைத் தாங்கிய துவைட்சீ என்றோர் இனமும் உண்டு. மிக அழகான இலை. அருகிவரும் செடி, வளர்ப்பதும் கடினம்; அதை இப்போது தேட வேண்டாம்.

கிரிப்டோகொரைனை நட்ட ஒரு வாரத்தில் நீங்கள் திடுக்கிடப்போகிறீர்கள். இலையின் ஓரம் முதலில் கண்ணாடிபோல் ஊடுதெரியும். மறுநாள் அதில் ஓட்டை. அடுத்த நாள் தொட்டால் கையோடு வரும் குழைந்த இலை. சிலவேளை ஒரு செடியில் ஓர் இலைகூட மிஞ்சாது. செடி செத்துவிட்டது என்று பிடுங்கி எறிபவர்கள் பலர். தயவுசெய்து பிடுங்காதீர்கள். நாற்றுமேடைகளில் இதை நீருக்கு வெளியே, ஈரக் காற்றில் வளர்க்கிறார்கள். அந்த இலைகள் நீருக்கடியில் நிலைக்கும்படி அமைந்தவை அல்ல. செடி அவற்றைக் கரைத்துவிட்டு, கிழங்கில் சேர்த்து வைத்ததைக்கொண்டு நீருக்கேற்ற புதிய இலையை விடுகிறது. குழைந்த இலைகளை மட்டும் கிள்ளி எடுத்துவிடுங்கள். கிழங்கை விரலால் மெதுவாக அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்தால் உயிர் இருக்கிறது. இரண்டு முதல் நான்கு வாரங்களுக்குள் மண்மட்டத்தில் சுருண்ட குருத்தொன்று கூராகத் தலைநீட்டும். நட்டபிறகு இடம் மாற்றினால் இதே கூத்து மறுபடி நடக்கும் என்பதால், எங்கே நடுவது என்பதை முன்கூட்டியே முடிவுசெய்யுங்கள்.

இது மெதுவாக வளரும் செடி. எனவே தொடக்கத்தில் அமோனியாவை வேகமாக உறிஞ்சக்கூடிய துணைச்செடி தேவை. பின்வரிசையில் வலிஸ்நேரியா வையுங்கள். நீண்ட நாடாபோன்ற இலை, ஓடுவேர்விட்டுத் தானே பரவும். எங்கும் கிடைக்கும் ஹைட்ரிலாவும் இதற்குப் போதுமானது. தொட்டி நிலைபெற்றதும் குறைத்துவிடலாம். மரக்கட்டையில் ஜாவா பன்னத்தையும் அனூபியாஸையும் நூலால் கட்டலாம். இவையிரண்டின் கிடைத்தண்டை மணலுக்குள் புதைத்தால் அழுகிவிடும். நடுவில் ஒற்றைச் செடியாக நம் நாட்டு அப்பனோகீட்டன் கிரிஸ்பஸ் ஒன்று, அதுதான் சந்தையில் தண்டும் பூவும் கறிக்காக விற்கப்படும் கெக்கட்டிய. தொட்டிக்குள் அதன் அலைநெளிவான இலைகளைப் பார்த்தால் இதையா கறி வைத்தோம் என்றிருக்கும். சிலகாலம் வளர்ந்தபின் இலை உதிர்த்துக் கிழங்காக ஓய்வெடுப்பது அதன் இயல்பு, அப்போதும் எறிந்துவிடாதீர்கள்.

செடிகளைக் கடையிலோ நாற்றுமேடையிலோ வாங்குங்கள். கித்துல்கலைப் பக்கம் சுற்றுலா போகும்போது ஓடையிலிருந்து பிடுங்கி வருவது வேண்டாம். இவற்றின் இயற்கையான வாழிடம் சிறியது, ஒரு கரையில் பிடுங்கிய கூட்டம் திரும்ப முளைக்கப் பல ஆண்டுகள் எடுக்கும். ஏற்றுமதிக்காகவே நீர்ச்செடி வளர்க்கும் பண்ணைகள் நம் நாட்டில் இருக்கும்போது அதற்கு எந்தத் தேவையும் இல்லை.

தொட்டி இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் கொள்ளளவு 56 லீற்றர் அளவு. 6 மில்லிமீற்றர் கண்ணாடி போதும். இதைவிடச் சிறியதை வாங்காதீர்கள். நீர் குறையக் குறைய வெப்பமும் வேதியியலும் வேகமாகத் தடுமாறும். மணல், கண்ணாடி எல்லாம் சேர்ந்து 80 கிலோவுக்குக் குறையாத பாரம் வரும், எனவே தொலைக்காட்சி வைக்கும் பலகைமேசை தாங்காது. கடற்காற்றில் இரும்புத் தாங்கி இரண்டு ஆண்டுகளில் துருவேறும். மறைன் டிரைவை ஒட்டிய வீடென்றால் மரத்தாங்கியே நல்லது, அல்லது நன்றாக வர்ணம் பூசியது. தாங்கிக்கும் தொட்டிக்கும் இடையே ரெஜிபோம் தகடு ஒன்றை விரியுங்கள், சிறு மேடுபள்ளங்களால் கண்ணாடி விரிசல்விடாது. வீட்டில் வைத்ததும் வெறும் நீரை நிரப்பி ஓரிரவு விட்டுக் கசிவு பாருங்கள். கடலைப் பார்த்த மேற்குச் சன்னலருகில் வைக்காதீர்கள். பிற்பகல் வெயில் நேராக விழும் தொட்டியில் பாசியையும் சூட்டையும் சமாளிக்க எந்த விளக்காலும் வடிகட்டியாலும் முடியாது.

அடிமணலுக்கு இரண்டு முதல் நான்கு மில்லிமீற்றர் பருமனுள்ள ஆற்றுமணல். கழுவிய நீர் தெளியும்வரை வாளியில் அலசுங்கள், பத்துத் தடவைக்கு மேல் அலச வேண்டி வரலாம். கடல்மணல், சிப்பித்தூள், பவளத்துண்டு, வெள்ளைச் சலவைக்கல் எதுவும் வேண்டாம். ஐயமிருக்கும் கல்லில் வினாகிரி விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்பு, உங்கள் மென்னீரை அது கெடுக்கும். வெறும் மணலில் சத்தில்லை. கிரிப்டோகொரைன் வேரால் உண்ணும் செடி என்பதால், வேருக்கருகே புதைக்கும் உரவில்லைகளை இரண்டு மூன்று மாதத்துக்கொருமுறை வையுங்கள். கட்டடத்துக்குப் பயன்படும் கபுக் கல் இரும்புச்சத்து நிறைந்தது; அதன் துண்டொன்றை நொறுக்கிக் கழுவி அடியில் மெல்லிய படையாகப் பரப்பி, மேலே இரண்டங்குல மணலால் மூடுவது மலிவான நல்ல வழி. தோட்டத்து மண்ணையோ எருவையோ போடாதீர்கள்.

நடும்போது தொட்டியை நிரப்பாதீர்கள். மணல் மூழ்கி இரண்டங்குலம் நீர் நின்றால் போதும். சாடியிலிருந்து எடுத்த செடியின் வேரைச் சுற்றியுள்ள கனிமப் பஞ்சை நீரோட்டத்தில் நனைத்துப் பொறுமையாகப் பிரித்தெடுங்கள். நீண்ட வேர்களை இரண்டங்குலத்துக்கு வெட்டுங்கள். நீண்ட சாமணத்தால் வேரைப் பிடித்துச் சாய்வாக உள்ளே தள்ளி, பிறகு செடியைச் சற்று மேலே இழுங்கள்: வேர் மணலுக்குள், இலை புறப்படும் கழுத்து மணலுக்கு மேலே. எல்லாம் நட்டபிறகு மணல்மேல் ஒரு பீங்கான் தட்டை வைத்து, அதன்மேல் மெதுவாக நீரை ஊற்றி நிரப்புங்கள். நட்ட செடி மிதந்து வராது, நீரும் கலங்காது.

வடிகட்டியாகக் காற்றுப்பம்பியில் இயங்கும் பஞ்சு வடிகட்டியைப் பரிந்துரைக்கிறேன். விலை குறைவு, பழுதாக அதில் எதுவும் இல்லை, மின்சாரம் போனாலும் பற்றீரியா சற்று நேரம் தாக்குப்பிடிக்கும். மூடிய பேழைவகை வடிகட்டியில் நீர் நின்றதும் உள்ளே ஒட்சிசன் தீர்ந்து பற்றீரியா சாகத் தொடங்கும். 2022இல் நீண்ட மின்வெட்டுகளின்போது இந்த வேறுபாட்டைப் பலர் கண்கூடாகக் கண்டோம். மின்கலத்தில் ஓடும் சிறிய காற்றுப்பம்பி ஒன்றையும் அலுமாரியில் வைத்திருங்கள்.

விளக்கு 15 முதல் 20 வாற்று எல்.ஈ.டி. போதும், வெள்ளை ஒளி. ஒரு டைமர் பூட்டி நாளுக்கு ஆறு மணித்தியாலம் மட்டும் எரியவிடுங்கள். இரண்டாம் மூன்றாம் வாரத்தில் கண்ணாடியிலும் இலையிலும் கபில நிறத் தூள் படியும். அது புதுத் தொட்டிகளில் வழமை. துணியால் துடைத்துவிட்டால் சில வாரங்களில் தானே நிற்கும். பச்சைப்பாசி இழையிழையாக வந்தால் ஒளிநேரத்தை ஒரு மணித்தியாலம் குறையுங்கள், வேகமாக வளரும் செடியைக் கூட்டுங்கள். பாசிகொல்லி மருந்துகள் செடிகளையும் வாட்டும், நத்தையையும் கொல்லும்.

மீனில்லாத அந்த ஒரு மாதத்தில் செய்ய வேண்டியவை குறைவு. இரண்டு நாளுக்கொருமுறை ஒரு சிட்டிகை மீனுணவைப் போடுங்கள். அது அழுகி வரும் அமோனியாதான் பற்றீரியாவுக்கு இரை. நண்பர் வீட்டில் நோயற்ற பழைய தொட்டி இருந்தால், அவரது வடிகட்டிப் பஞ்சைப் பிழிந்த அழுக்கு நீரை வாங்கி உங்கள் பஞ்சில் ஊற்றுங்கள். காத்திருப்பு பெரிதும் குறையும். கொழும்பில் இன்னொன்றும் கட்டாயம்: மீனில்லாத தொட்டியில் நுளம்புக் குடம்பிகளை உண்ண எதுவுமில்லை. முட்டையிலிருந்து பறக்கும் நுளம்பாவதற்கு நம் வெப்பத்தில் ஒரு வாரம், பத்து நாள் போதும். தொட்டியை நுளம்புவலையால் மூடுங்கள், காற்றுக்குமிழால் மேற்பரப்பு எப்போதும் அசைந்துகொண்டிருக்கட்டும், இரவில் கைவிளக்கை அடித்துக் குடம்பி இருக்கிறதா என்று பாருங்கள். பொதுச் சுகாதாரப் பரிசோதகர் வந்தால் காட்டக்கூடிய நிலையில் அது இருக்க வேண்டும்.

நான்காம் வாரம் முடிந்ததும் சோதனைத்தாள் வாங்கி அமோனியாவையும் நைத்திரைற்றையும் பாருங்கள். இரண்டும் பூச்சியமாக இருந்து, வலிஸ்நேரியா ஓடுவேர் விட்டிருந்து, கிரிப்டோகொரைனில் புதுக் குருத்தும் வந்திருந்தால் மீனுக்கு நேரம் வந்துவிட்டது.

எந்த மீன்? செர்ரி பார்ப் என்று கடைகளில் சொல்லப்படும் சிறிய செந்நிற மீனைச் சொல்வேன். இதை 1929இல் அறிவியலுக்கு அறிமுகப்படுத்தியவர் பி. ஈ. பி. தெரணியகல. களனியிலிருந்து நில்வளா வரையான ஆற்றுப் படுகைகளின் நிழலோடைகளே இதன் ஊர். உங்கள் குழாயில் வரும் அதே ஆற்றின் கிளைகளில் நீந்தும் மீன். இரண்டங்குலத்துக்கு மேல் வளராது, செடியைக் கெடுக்காது. ஆண் இனப்பெருக்க நிறம் ஏறும்போது தலை முதல் வால்வரை சிவந்துவிடும். பண்ணையில் பெருக்கிய மீனா என்று கேட்டு உறுதிசெய்து வாங்குங்கள். நம் ஓடைகளுக்கே உரிய மீன்களில் பல, தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின்கீழ் பாதுகாக்கப்பட்டவை. ஓடையில் பிடித்தது என்று பெருமையாகச் சொல்லி விற்பவரிடம் எதுவும் வாங்காதீர்கள். முதலில் மூன்று, இரண்டு வாரம் கழித்து இன்னும் நான்கு. இந்த அளவுத் தொட்டிக்கு ஏழு, எட்டு போதும், அதில் பெண் மீன்கள் அதிகமாக இருக்கட்டும்.

ஒரு சிக்கல் இருக்கிறது, மறைக்கக்கூடாது. காட்டோடையின் நிழல்நீர் 25 பாகையை ஒட்டியிருக்கும். மார்ச், ஏப்ரலில் கொழும்பு வீட்டுத் தொட்டி 30ஐத் தொடும். 25 பாகையில் ஒரு லீற்றர் நீரில் 8.3 மில்லிகிராம் ஒட்சிசன் கரையும், 30இல் 7.6 மட்டுமே. அந்த மாதங்களில் மூடியைத் திறந்து நுளம்புவலையை மட்டும் விட்டு, சிறிய மின்விசிறியை நீர்ப்பரப்பின்மேல் வீசவிடுங்கள். ஈரப்பதம் மிகுந்த நம் காற்றிலும் ஒன்றிரண்டு பாகை இறங்கும். ஆவியான அளவு நீரை ஊற்றி நிரப்புங்கள். விளக்கின் அதே ஆறு மணித்தியாலத்தைப் பகல் சூட்டிலிருந்து இரவுக்கு மாற்றுவதும் உதவும். வீட்டில் அதற்கும் மேல் சூடு ஏறும் என்றால் செர்ரி பார்ப்பை விட்டு, வெப்பம் தாங்கும் கப்பியைத் தேர்ந்தெடுங்கள். நீர் மென்மையானதென்றாலும் உள்ளூரில் பெருக்கிய கப்பி பழகிக்கொள்ளும்.

பராமரிப்பு வாரத்துக்கு அரை மணித்தியாலம்தான். கால்பங்கு நீரைக் குழாயால் உறிஞ்சி எடுத்து, குளோரீன் நீங்கிய நீரை ஊற்றுங்கள். மென்னீரில் பி.எச். மெல்ல மெல்லக் கீழிறங்கும் போக்கு உண்டு, அதையும் இந்த மாற்றம் தடுத்துவிடும். வடிகட்டிப் பஞ்சைக் குழாய்நீரில் கழுவாதீர்கள், வளர்த்த பற்றீரியாவைக் குளோரீன் கொன்றுவிடும். எடுத்த தொட்டிநீரிலேயே இரண்டு முறை பிழிந்தால் போதும். அந்த அழுக்கு நீர் பால்கனியின் கறிவேப்பிலைச் சாடிக்கு நல்ல உரம். உணவு நாளுக்கு ஒருமுறை, இரண்டு நிமிடத்தில் தின்றுமுடிக்கும் அளவு. வீட்டுப் பிள்ளைகளுக்கு இந்த அளவைச் சொல்லிக்கொடுங்கள், ஆசையில் கொட்டிவிடுவார்கள்.

கண்ணாடியைத் துப்புரவாக்கும் மீன் என்று சொல்லி உறிஞ்சுவாய் மீன் ஒன்றைத் தருவார்கள். உள்ளங்கையளவு குஞ்சு; வளர்ந்தால் ஓரடியைத் தாண்டும். தொட்டிக்குப் பெரிதானதும் அதைக் கால்வாயில் விட்டவர்களால்தான் இன்று அது நம் ஆறுகளில் பெருகிக்கிடக்கிறது. கத்திமீனும் அப்படித்தான். செடியிலும் இதே கதை உண்டு. நம் குளங்களை மூடிய சல்வீனியா 1939இல் கொழும்புப் பல்கலைக்கழகக் கல்லூரியின் தாவரவியல் துறைவழியே நாட்டுக்குள் வந்தது. ஆகாயத்தாமரைக்கு எதிராக 1909இலேயே சட்டம் போட வேண்டியிருந்தது. ஆகவே கத்தரித்த ஹைட்ரிலாவையும் வலிஸ்நேரியாவையும் வெள்ளவத்தைக் கால்வாயில் வீசாமல், வெயிலில் நன்றாகக் காயவைத்துச் சாடி மண்ணில் புதையுங்கள். மீன் வேண்டாமென்று ஆனால் வாங்கிய கடையிலேயே கேளுங்கள். பல கடைக்காரர்கள் திருப்பி எடுத்துக்கொள்வார்கள்.